பத்து மணிக்கு வலது பக்கம்

திங்கட்கிழமை காலை இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பில், சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டபோது மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பேராசிரியை திரும்பிப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டார். சந்தேகம் எதுவும் இல்லை. ஏன் எழுந்தோம் என்பதே எழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஒண்ணும் இல்ல மேடம்," என்று உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் சிரிப்பதற்குக் காரணம் எல்லாம் தேவைப்படுவதில்லை.

அவளுக்கு இருபத்தொன்று முடிந்து இருபத்திரண்டு நடக்கிறது. வீட்டில் பெயர் வாலு. சின்ன வயதில் மதில் மேல் ஒரு கால், தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கால் என்று திரிந்ததற்கு அம்மா வைத்த பெயர். இப்போது அந்தப் பெயருக்கும் ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பா மட்டும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருக்கு வேறு பெயர் வாயில் வராது.

பத்து மணிக்கு எழுந்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இதே கல்லூரியில் இதே இரண்டாம் ஆண்டில் அவள் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. சாப்பாடு மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ரெண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும். மல்லாந்து, இடது, வலது. ஒரே பக்கம் கிடந்தா முதுகு புண்ணாயிடும். அப்புறம் அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோயிடும்."

அன்றிலிருந்து அவளுடைய நாள் இரண்டிரண்டு மணி நேரமாக உடைந்துபோனது. ஆறுக்கு மல்லாந்து, எட்டுக்கு இடது, பத்துக்கு வலது, பிறகு மறுபடியும் முதலில் இருந்து. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், "அம்மா, திருப்பறேன்," என்று ஒரு வார்த்தை, பிறகு முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. அம்மாவின் நல்ல கை, அதாவது இடது கை, ஒவ்வொரு தடவையும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் அம்மா உடம்பில் ஒரு புண் வரவில்லை. கல்லூரிகளில் எத்தனையோ விஷயத்துக்குப் பட்டம் தருகிறார்கள். இதற்கு எங்கேயும் தருவதாகத் தெரியவில்லை.

அப்பா ஒரு காகித ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். அங்கே மணிக்கு ஒருமுறை நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் பார்த்து, கட்டம் போட்ட நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த மணிக்கு ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதே மாதிரி ஒரு நோட்டைக் கொண்டுவந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மணி, பக்கம், சாப்பாடு, மருந்து, பார்த்தவர். கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பெண்டாட்டிக்கு லாக் புக் போட்ட ஆளை இப்பதான் பாக்கறேன்," என்று கேலி செய்தார். கேலி செய்தவர் நோட்டை வாங்கிப் பத்து நிமிடம் புரட்டினார். "என் நர்ஸ்கூட இப்படி எழுத மாட்டா," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இந்த நோட்டில் ஐந்து வாரமாக எழுத எதுவும் இல்லை. ஆனால் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? பத்து மணி என்றால் அது எழுந்துகொள்கிறது.

வகுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்தது. கவுன்ட்டரில் இருந்த கிளார்க் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ துப்புத் துலக்குகிறவர் மாதிரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"படிப்பை விட்டதுக்குக் காரணம், தாயாருக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப யாரு பாத்துக்கறாங்க? மறுபடியும் நடுவுல நிக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"அம்மா இப்ப இல்ல சார்."

கிளார்க்கின் முகம் விழுந்துவிட்டது. மோசமான மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பம்மா?"

"நான் இந்த விண்ணப்பம் குடுத்த அன்னைக்குத்தான்."

விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையில் அந்தத் தேதி முத்திரை பளிச்சென்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் வேலையைப் பார்த்தார். "டாக்டர் குடுத்த சர்டிபிகேட் இருக்கும் இல்ல, இறந்ததுக்கு. அது ஜெராக்ஸ் ஒண்ணு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. அது இல்லாம ரோல்ல பேரு ஏறாது. என் கையில இல்லம்மா, ரூல் அப்படி."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அந்தச் சிவப்பு முத்திரையைப் பார்த்த பிறகு அன்று முழுவதும் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அந்தத் தேதி என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறுசேர்க்கைக்கு அதுதான் கடைசி நாள். அப்பாதான் விண்ணப்பத்தை வாங்கிவந்து, நச்சரித்து, எழுதவைத்தார். அன்றைக்கு லீவும் போட்டுவிட்டு, "நான் பாத்துக்கறேன், நீ போ," என்றார். எட்டு மணிக்கு அம்மாவை இடது பக்கம் படுக்கவைத்துவிட்டு, "பத்து மணிக்கு வலது பக்கம் திருப்பிடுங்கப்பா, மறந்துடாதீங்க," என்று மூன்று தடவை சொல்லிவிட்டு எட்டே காலுக்குக் கிளம்பினாள். கவுன்ட்டரில் வால் நீண்ட வரிசை. விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தும்போது பத்தே முக்கால்.

நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். அவள் வரவில்லை. மாடி ஏறிப் பழைய வகுப்பறைக்குப் போனாள். யாரும் இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பலகையில் யாரோ பாதி அழித்த சமன்பாடு ஒன்று இருந்தது. மீதியை அவள் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள், வந்தது. பிறகு கேன்டீனில் ஒரு டீ குடித்தாள். நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு டீயும் குடித்தாள். மொத்தம் நாற்பது நிமிடம். இரண்டு வருடத்தில் யாருக்காகவும் இல்லாமல் தனக்காக உட்கார்ந்த நாற்பது நிமிடம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "இப்பதான்மா," என்றார். "பத்து நிமிஷம் இருக்கும்." அம்மா வலது பக்கம் திரும்பி, முட்டிகளுக்கு நடுவில் தலையணையோடு, ஒரு குறையும் இல்லாமல் படுத்திருந்தார். வாலு ஓடிப்போய் அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். விறைப்பாக இருந்தது. அந்தக் கை இரண்டு வருடமாகவே விறைப்புத்தான்.

நோட்டில் கடைசி வரி அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. பத்து மணி, வலது, பார்த்தவர் அப்பா. பன்னிரண்டு மணிக் கட்டம் காலி. கணக்கில் அவள் எப்போதும் கெட்டி. பத்துக்கு அம்மா இருந்தார். பன்னிரண்டு பத்துக்கு இல்லை. மாடிக்கும் கேன்டீனுக்கும் போகாமல் வந்திருந்தால் பதினொன்று நாற்பதுக்கு வீட்டில் இருந்திருப்பாள். அம்மாவின் நல்ல கைக்குப் பிடித்துக்கொள்ள அவள் மணிக்கட்டு கிடைத்திருக்கும். இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தை டீ குடித்துத் தொலைத்தவள் என்று தன்னைப் பற்றி அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவே இல்லை.

திங்கள் மாலை வீட்டுக்கு வந்ததும் சான்றிதழைக் கேட்டாள். அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி ஒரு நொடி நின்றது.

"பீரோல எங்கயாவது இருக்கும். தேடித் தரேன்."

"சாவி குடுங்க, நானே எடுத்துக்கறேன்."

"வேணாம் வாலு, எல்லாம் கலைஞ்சிடும். நான் எடுத்துத் தரேன்."

பீரோவில் ஒரு கைக்குட்டை எங்கே இருக்கிறது என்பதுகூட அப்பாவுக்குத் தெரியும். அப்படி ஒழுங்கு. எல்லாம் கலைந்துவிடும் என்று அவர் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வகம். கண்ணாடிக்காரி ஒருத்தியோடு அவளை ஜோடி சேர்த்திருந்தார்கள். பியூரெட் என்னும் நீளக் கண்ணாடிக் குழாயில் இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் உள்ள அமிலம் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்த்தியாகிவிடும், மறுபடி முதலில் இருந்து. கண்ணாடிக்காரி மூன்று தடவை கோட்டை விட்டாள். வாலு முதல் தடவையிலேயே நிறுத்தினாள். இரண்டாம் தடவையும் அதே அளவு. மூன்றாம் தடவையும்.

"அக்கா, எப்படிக்கா? கையே நடுங்கல. எங்க கத்துக்கிட்டீங்க?"

அம்மாவுக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் விட்டுக் கற்றது. வேகமாக விட்டால் இருமல் வரும், நெஞ்சில் ஏறிவிடும். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டுக் குடுவையைக் கழுவப் போனாள். குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று மாலை அப்பா, சான்றிதழ் டாக்டரிடமே இருக்கும்போல என்றார். கீழே இறங்கிக் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். "அவரு இன்னைக்கு லீவு," என்றார் அப்பா அவசரமாக. கிளினிக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் இருந்தே தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வராததைச் செய்கிற மனிதரைப் பார்க்கச் சகிக்காது.

புதன்கிழமை கண்ணாடிக்காரியும் அவள் கூட்டாளிகளும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். வாசல் வரைக்கும் போனாள். டீ வாசனை வந்ததும் நின்றுவிட்டாள். "நீங்க போங்க, எனக்கு லைப்ரரியில வேலை இருக்கு," என்று திரும்பிவிட்டாள். "அக்கா ரொம்ப சீரியஸ் டைப்," என்று ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது. மதில் மேல் நடந்தவளைப் பற்றி இப்படி ஒரு பேச்சு.

அன்றைக்கும் வகுப்பில் பத்து மணிக்கு எழுந்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. புதன் மாலை அப்பா அடுத்த ஷிப்டுக்காரருக்குப் பதிலாகச் சேர்த்து வேலை பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். தட்டிக்கழிக்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாமல், நான் போவது பிடிக்காமல் செய்கிறாரோ என்று நினைத்தாள். நச்சரித்துப் படிக்க அனுப்பியவரே இப்படிச் செய்வாரா என்றும் நினைத்தாள். நினைத்து நினைத்துக் கடைசியில் அவளுக்கு அலுப்புத்தான் மிஞ்சியது.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா அப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பையைக் கட்டிலில் போட்டாள்.

"சர்டிபிகேட் தேட வேணாம்ப்பா. நான் இனிமே போகல."

அப்பா துண்டை முகத்தில் இருந்து எடுத்தார். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. என்னால அங்க உக்கார முடியல. அந்த பெஞ்சு, அந்த கேன்டீன், எதையும் பாக்க முடியல. எனக்கு அந்தப் படிப்பே வேணாம்."

"ஒரு வாரம்கூட ஆகலையே வாலு. போகப் போகச் சரியாயிடும்."

"ஆகாதுப்பா."

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் மனம் நொந்து அப்படியே கட்டிலில் படுத்தாள். அது அம்மாவின் கட்டில். எந்தப் பக்கம் படுப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது மேஜையில் பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. வாயை மடித்து நான்கு இடத்தில் ஸ்டேப்பிள் அடித்திருந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா. கடைசி நாள் இன்னைக்குத்தானே. போய்க் குடுத்துடு. படிக்கிறதும் படிக்காததும் அப்புறம் பேசிக்கலாம், பேரு முதல்ல ஏறட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படியே குடுத்துடு. பிரிக்க வேணாம். பாத்தா உனக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்து மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இதற்காக இன்னொரு தடவை கெஞ்சவிடக் கூடாது என்றுதான் கிளம்பினாள்.

அவர்கள் கேட்டது ஜெராக்ஸ். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமானால் உறையைப் பிரிக்கத்தான் வேண்டும். நான்கு ஸ்டேப்பிள் அடித்த மனிதருக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்? ஒரு கட்டத்தையும் காலியாக விடாதவருக்கு? எனக்கென்னவோ தோன்றியிருக்கும் என்றுதான் படுகிறது. வாயால் சொல்ல முடியாததை அவர் ஸ்டேப்பிள் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் நகத்தால் ஸ்டேப்பிளைப் பிடுங்கி, தாளை விரித்து, மிஷின் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன், "தெளிவா வருமாம்மா, பேனா எழுத்து லேசா இருக்கே," என்று அவளிடம் காட்டினார். அவள் பார்த்தாள். அம்மாவின் வயது. காரணம். கீழ்வீட்டு டாக்டரின் கையெழுத்து. உயிர் பிரிந்த நேரம்: காலை எட்டு நாற்பது.

முதலில் எழுத்துப் பிழை என்று நினைத்தாள். எட்டு நாற்பதுக்கு அவள் பஸ்ஸில் இருந்தாள். பத்து மணிக்கு அப்பா திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார், நோட்டில் இருக்கிறதே. எட்டு நாற்பதுக்கு எப்படி? டாக்டர் தப்பாக எழுதிவிட்டார். அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது. டாக்டர் வந்து பார்த்த நேரம்: எட்டு ஐம்பது.

"ரெண்டு காப்பி போதுமா?" என்றார் கடைக்காரர்.

நகலை வாங்கிக்கொண்டு நேராகக் கவுன்ட்டருக்குப் போய்க் கொடுத்தாள். கிளார்க் அதைக் கோப்பில் சேர்த்து, ரோல் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, "ஆச்சும்மா, இனிமே கவலை இல்ல," என்றார். அவள் வகுப்புக்குப் போகவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அப்பா அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் வருவாள் என்று தெரிந்த மாதிரி கதவு திறந்தே கிடந்தது. அவள் உறையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"எட்டு நாப்பதா?"

அப்பா தலையாட்டினார்.

"நான் வந்தப்போ பத்து நிமிஷம்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்ப்பா?"

அப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "நீ படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்துல மூச்சு ஒரு மாதிரி இழுத்துது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவரு உனக்குப் போன் பண்ணச் சொன்னாரு. போனைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டுப் பாத்தா, நீ பாதி வழியிலதான் இருப்ப. சொன்னா அங்கேயே இறங்கி ஓடி வந்துடுவ. அன்னைக்குக் கடைசி நாள். ரெண்டு வருஷம் போச்சு. மூணாவது வருஷமும் போகணுமா? போனா திரும்ப நீ போகவே மாட்டேன்னு எனக்குத் தெரியும். குடுத்துட்டு வரட்டும்னு இருந்துட்டேன்."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னாரு. ஆனா நேரத்தை மட்டும் மாத்தி எழுத மாட்டேன்னுட்டாரு. கால்ல விழாத குறையா கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"பத்து மணிக்குத் திருப்பினதா எழுதியிருக்கீங்களே. அதுவும் பொய்யா?"

"இல்ல வாலு." அப்பா முதல் தடவையாக நிமிர்ந்தார். "அது பொய் இல்ல. அலாரம் அடிச்சுது. வலது பக்கம் திருப்பிப் படுக்க வெச்சேன். தலையணை வெச்சேன். அப்புறம் எழுதினேன்."

"எதுக்குப்பா?"

"பத்து மணி ஆச்சே," என்றார் அவர். அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. "நீ மூணு தரம் சொல்லிட்டுப் போயிருந்த."

வாலு சுவரில் சாய்ந்தாள். "நாப்பது நிமிஷம்ப்பா," என்றாள். "அன்னைக்கு விண்ணப்பம் குடுத்துட்டு நான் நேரா வரல. மாடியில போய் உக்காந்தேன். ரெண்டு டீ குடிச்சேன். நாப்பது நிமிஷம். அதனாலதான் நான் பக்கத்துல இல்லாம அம்மா போனாங்கன்னு, அஞ்சு வாரமா தினமும் செத்துக்கிட்டு இருக்கேன். உங்க நோட்டைப் பாத்துத்தான் கணக்குப் போட்டேன்."

அப்பா பேயறைந்தவர் மாதிரி அவளைப் பார்த்தார். பெண் கல்லூரிக்குப் போகட்டும் என்று சொன்ன ஒரு பொய், அவளை அந்தக் கல்லூரியிலேயே உட்காரவிடாமல் செய்திருக்கிறது. அந்த ஒரு வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை நிச்சயம் இருந்திருக்காது. வாழ்நாள் முழுதும் கட்டத்தை நிரப்பிப் பழகிய கை அது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நீ சொல்லவே இல்லையே."

"நீங்களும்தான் சொல்லல."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் மனசில் ஐந்து வாரமாக இருந்த பாரம் இறங்கியதா என்றால், ஒரு பக்கம் இறங்கியது. அந்த நாற்பது நிமிடம் உட்காராமல் நேராக வந்திருந்தாலும் அம்மா இருந்திருக்க மாட்டார். ஆனால் அம்மா இறந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு, ஒன்றும் தெரியாமல், சந்தோஷமாக, டீ குடித்திருக்கிறாள். அப்படிக் குடிக்கட்டும் என்று இந்த மனிதர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? அவளுக்கு இரண்டும் வந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு கொடுத்து வாங்கிய இடத்தை எப்படி விடுவது?

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எட்டு நாற்பதில் இருந்து பன்னிரண்டு இருபது வரை. டாக்டர் ஒன்பது மணிக்குக் கிளினிக்குக்குப் போயிருப்பார். அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது, சொல்லியிருந்தால் அவள் காதுக்கு வந்திருக்கும். அழுதிருக்கக்கூட முடியாது. அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"நான் வர்ற வரைக்கும் யாரையும் கூப்பிடலையா?" என்று கேட்டாள். "மூணே முக்கால் மணி நேரம்ப்பா. தனியாவா உக்காந்திருந்தீங்க?"

கேள்வி புரியாதவர் மாதிரி அப்பா அவளைப் பார்த்தார்.

"தனியா எங்க? உங்கம்மா இருந்தாளே," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.